தேரிக்காட்டு ஓரத்தில் ஓய்வுக்காலம்: அப்பா அம்மாவை அங்கேயே விடலாமா?

தாம்பரத்து மகன் எழுதியது:

வணக்கம். அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. சாத்தான்குளம் பக்கம், தேரி என்கிற செம்மணல்மேட்டை ஒட்டின எங்கள் சொந்த ஊரில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருக்கிறார்கள். சென்னைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால், பங்குனி உத்திரம் முடியட்டும் என்கிறார்கள். அது முடிந்தால் பயினி (பதநீர்) இறக்குகிற காலம். அப்புறம் குலசை (குலசேகரன்பட்டினம்) தசரா. அப்புறம் கள்ளர் வெட்டுத் திருவிழா, பொங்கல், திரும்பவும் பங்குனி.

இந்த ஆனியில் போயிருந்தேன். காற்று அடித்த அடியில் தட்டில் சோற்றைப் போட்டுக் கை கழுவி வருவதற்குள் மண் விழுந்துவிட்டது. மேற்குப் பக்கத்து ஜன்னல் எல்லாம் சாத்தியே கிடக்கிறது. இந்த வயதில் இந்த வெயிலிலும் காற்றிலும் அவர்களை விட்டுவைப்பது எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது. அந்தப் பக்கம் இருக்கிற பெரியவர்கள், ஒரு வருசம் உங்களுக்கு எப்படிப் போகிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?

தேரிக்கரையான் எழுதியது:

தம்பி, நானும் என் வீட்டுக்காரியும் உடன்குடிக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். கொல்லைக் கதவைத் திறந்தால் பனங்காடு, அதைத் தாண்டினால் சிவப்பு மணல். பென்ஷன் வாங்கத் தொடங்கியதும் ஊருக்கு வந்துவிட்டோம். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூர். உங்கள் அப்பா சொல்வதைச் சாக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே வருசம் அப்படித்தான் ஓடுகிறது. ஒன்று முடியும்போது அடுத்தது வந்து வாசலில் நிற்கும்.

பங்குனி உத்திரத்தில் இருந்தே தொடங்குகிறேன். திருநெல்வேலிச் சீமையில் அன்றைக்கு வீட்டில் இருக்கிறவர்கள் குறைவு. அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள். எங்களுக்கு அருஞ்சுனை காத்த அய்யனார். சுற்றிலும் மணல்மேடு, நடுவில் சுனை, மரநிழல். முந்தின நாளே பாத்திரம், அரிசி, கருப்பட்டி எல்லாம் கட்டிக்கொண்டு போய்ப் பொங்கலிட்டு, சொந்தபந்தம் எல்லாரையும் பார்த்துவிட்டு வருவோம். மும்பையில் இருந்தும் திருப்பூரில் இருந்தும் வருகிறவர்களுக்கு, "இன்னார் மகன் நீதானா?" என்று உறவு சொல்லிக் கொடுப்பதற்கு எங்களை மாதிரி நாலு கிழடுகள் அங்கே வேண்டும். அந்த வேலை எங்களுக்கு ரொம்பப் பிடித்த வேலை.

அதற்குள் பயினி இறங்க ஆரம்பித்திருக்கும். நான் காலை 4 மணிக்கெல்லாம் எழுந்துவிடுவேன். வெயில் ஏறுவதற்கு முன்னால் செய்கிற வேலைதான் வேலை. முற்றம் தெளித்து, வீட்டுக்காரி கருப்பட்டிக் காப்பி போடுவாள். குடித்துவிட்டு மணலில் வெறுங்காலோடு ஒரு நடை. 8 மணிக்கு மேல் அதே மணலில் கால் வைக்க முடியாது. திரும்பும்போது பனங்காட்டில் பக்கத்து வீட்டுக்காரரின் விடிலியில், அதாவது கருப்பட்டி காய்ச்சுகிற குடிசையில், உட்காருவேன். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவார்கள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கின பயினியை ஓலைப்பட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள். இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்துக் குனிந்துதான் குடிக்க வேண்டும், நிமிர்ந்தால் சட்டையெல்லாம் பயினி.

விடிலிக்குள் அந்த வீட்டு அம்மா பெரிய சட்டியில் காய்ச்சுவார். அதை ஒரு தடவை முழுசாக உட்கார்ந்து பாருங்கள் தம்பி. முதலில் தண்ணீர் மாதிரி கொதிக்கும், அப்புறம் நுரை பொங்கி விளிம்புக்கு வரும். ஆமணக்கு முத்தை நசுக்கிக் கொஞ்சம் போட்டதும் நுரை அடங்கிப்போகும். நிறம் மாறி, அகப்பை கனக்கத் தொடங்கினதும், ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டு நின்றால் பதம். உடனே இறக்கி, துடுப்பால் கிண்டி, வரிசையாக வைத்திருக்கிற சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் சட்டியிலேயே இறுகிவிடும். பதம் பார்க்கும் நேரத்தில் யாரும் அந்த அம்மாவிடம் பேச மாட்டோம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, சந்தோசம். அதற்குப் பின்னால் இப்படி நெருப்பு முன்னால் உட்கார்ந்த ஒரு பெண் இருக்கிறாள் என்பதையும் வாங்குகிறவர்கள் நினைக்க வேண்டும். சீனியைக் கலந்து கருப்பட்டி என்று விற்கிறவர்கள் அந்தப் பெண்ணின் வயிற்றில்தான் அடிக்கிறார்கள்.

சித்திரை, வைகாசியில் நுங்கு. கொல்லாம்பழமும் அப்போதுதான். மத்தியானம் 11 முதல் 4 வரை வெளியே தலைகாட்டுவதில்லை. அந்த நேரத்தில் வீட்டுக்காரி கொட்டான் (ஓலைப்பெட்டி) முடைவாள், நான் குருத்தோலையை வாருகிறவன்.

ஆனி, ஆடிக் காற்றைப் பற்றி அவளே எழுதுகிறேன் என்கிறாள்.

தேரிக்கரையான் எழுதியது:

தம்பி, நான் அவர்கள் வீட்டுக்காரி எழுதுகிறேன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்வது எங்கள் ஊருக்கு ரொம்பப் பொருந்தும். மழை எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் பெய்துவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வறண்ட காற்று மட்டும் இந்தப் பக்கம் வரும். அந்தக் காற்றில்தான் ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலை எல்லாம் சுற்றுகிறது.

மண் விழாமல் இருக்க வழி இருக்கிறது. ஜன்னல் அடிக்கட்டையில் பழைய வேட்டியை நனைத்து நீளமாக மடித்து வைக்க வேண்டும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அதை எடுத்து உதறி அலசி வைத்தால் வீட்டுக்குள் பாதி மண் வராது. குடிதண்ணீர்க் குடத்துக்குத் துணி கட்டித்தான் மூடி போட வேண்டும். சமையல் கிழக்குப் பக்கத்து அடுப்படியில். மிதுக்கு வத்தல், சீனியவரை வத்தல் எல்லாம் பங்குனி, சித்திரையிலேயே போட்டு டப்பாவில் அடைத்துவிடுவேன். ஆடியில் மாடியில் காயப்போட்டால் வத்தலும் வராது, துணியும் வராது. உங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

காற்று மாதத்தில்தான் ஔவையார் நோன்பும் வருகிறது. "அசந்தா ஆடி, தப்பினா தை, மறந்தா மாசி" என்பார்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஊர் அடங்கின பிறகு நாங்கள் பொம்பளைகள் ஒரு வீட்டில் கூடி, உப்புப் போடாமல் பச்சரிசி மாவில் கொழுக்கட்டை அவிப்போம். ஆம்பளை கண்ணில் படக்கூடாது. மிச்சம் வைக்கக்கூடாது. அன்றைக்கு இவர்கள் எல்லாரும் கோயில் திண்ணைக்குப் போய்விடுவார்கள். வயது வித்தியாசம் இல்லாமல் உட்கார்ந்து பேசுகிற ராத்திரி அது. புதிதாகக் கல்யாணம் ஆகி வந்த பிள்ளை மாமியார் முன்னால் சொல்ல முடியாததை அங்கே சொல்லும், ஆறுதல் வாங்கிக்கொண்டு போகும். சென்னையில் பிளாட்டில் உங்கள் அம்மாவுக்கு அந்த ராத்திரி கிடைக்குமா? அதை மட்டும் யோசியுங்கள்.

உடைமரத்தடி எழுதியது:

மதினி எழுதினதைப் படித்தபோது என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

ஆனால் ஒரு விசயத்தை யாரும் தொடவில்லை. தண்ணீர். மேலே சொன்ன அத்தனையும் கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கிறவரைக்கும்தான். திசையன்விளை, உடன்குடிப் பக்கம் கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறிப்போய், தென்னையே பட்டுப்போன விளைகளைப் பார்த்திருக்கிறேன். முருங்கைக்கும் தென்னைக்கும் ஆளுக்கொரு போர்வெல் போட்டு இழுக்கிறோம். இழுக்க இழுக்கக் கடல் உள்ளே வரும். வயதானவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. பண்டிகை, நோன்பு எல்லாம் சரி. அந்த வீட்டில் தண்ணீர் எப்படி என்பதைத்தான் தம்பி முதலில் பார்க்க வேண்டும்.

புவியியல் வாத்தியார் எழுதியது:

சரியான கேள்வி. தேரி மணல் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் தேரியைப் பாலைவனம் என்று யூடியூப்காரர்கள் சொல்கிறார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் ராஜஸ்தான் பாலைவனம் மாதிரி மழை ரொம்பக் குறைந்த இடம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கிடைக்கிறது. மணலின் சிவப்பு, ஒவ்வொரு மணியின் மேலும் படிந்திருக்கிற இரும்பு ஆக்சைடால் வருவது. காற்று கொண்டுவந்து குவித்த மணல் இது. இதில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னரும் ஆல்ச்சினும் 1956-லேயே எழுதியிருக்கிறார்கள். அதாவது இந்த மணல்மேடுகளில் மனுசன் வேட்டையாடி வாழ்ந்து ஆயிரக்கணக்கான வருசம் ஆகிறது.

மழை பெய்தால் இந்த மணல் தண்ணீரை ஓடவே விடாது, அப்படியே குடித்துவிடும். அதனால்தான் தேரிக்குள் சுனையும் ஊற்றும் இருக்கின்றன, அடிவாரத்துக் கிணறுகளில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. மணலை அள்ளினால் அந்தச் சேமிப்பும் போய்விடும். தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்பு என்று 2009-ல் தொடங்கின வெள்ளநீர்க் கால்வாய், கன்னடியன் கால்வாயில் இருந்து எம்.எல். தேரி வரைக்கும் வருகிறது. கடலுக்குப் போகிற வெள்ளத்தைத் தேரிக்குத் திருப்பினால் நிலத்தடி நீர் ஏறும் என்பதுதான் கணக்கு.

செந்தூர்க் கடற்கரை எழுதியது:

2023 டிசம்பரை மறக்க முடியுமா? 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரில் 69. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், பயணிகளுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சோறு பொங்கிப் போட்டார்கள். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அப்போது என் மாமாவும் அத்தையும் தேரி மேட்டில் இருக்கிற வீட்டில் பத்திரமாக இருந்தார்கள். கரண்டு இல்லை, போன் இல்லை, ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. கருப்பட்டியும் அரிசியும் விறகும் வீட்டில் எப்போதும் இருப்பதால் தெருவுக்கே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள்.

இடையன்குடிப் பேத்தி எழுதியது:

எங்கள் வீட்டிலும் தாத்தா பாட்டி தனியாகத்தான் இருக்கிறார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள், அதனால் எங்கள் வருசம் கொஞ்சம் வேறு மாதிரி. ஆனால் பனையும் காற்றும் ஒன்றுதானே.

கால்டுவெல் ஐயர் 1841-ல் வந்து சேர்ந்தபோது எங்கள் இடையன்குடி வெறும் மணல்காடாகத்தான் இருந்திருக்கிறது. தெருவை நேராக அளந்து, கிணறு வெட்டி, மரம் வைத்து ஊரை உண்டாக்கினார். கோயிலைக் கட்டி முடிக்கவே 33 வருசம், 1880-ல்தான் பிரதிஷ்டை ஆனது. அவருடைய கல்லறையும் உள்ளேதான் இருக்கிறது. தாத்தா இன்றைக்கும் காலை ஜெபத்துக்கு மணி அடிக்கிற சத்தம் கேட்டால்தான் அன்றைய நாளைத் தொடங்குவார்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் அசனம் என்று ஒன்று உண்டு. ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. அரிசி, காய்கறி எல்லாம் வீட்டு வீட்டுக் காணிக்கை. கலெக்டர் வேலை பார்க்கிறவரும் பனையேறுகிறவரும் பக்கத்துப் பக்கத்து இலை. தாத்தாவுக்கு இப்போது தூக்க முடியாது, ஆனால் சாம்பாருக்கு உப்பு பார்க்கிற பொறுப்பு இன்னும் அவரிடம்தான். கிறிஸ்துமஸ் முடிந்து நாங்கள் கிளம்பும்போது முதலூர் மஸ்கோத் அல்வாவும் ஒரு ஓலைப்பெட்டி நிறையப் பனங்கிழங்கும் கட்டிக் கொடுப்பார்கள்.

தேரிக்கரையான் எழுதியது:

பேத்தி சொன்னது ரொம்பச் சரி. அசனத்துக்கு எங்களுக்கும் அழைப்பு வரும், போவோம். உவரிக்குப் போனால் சுயம்புலிங்க சாமிக்குக் கடல் மண் சுமந்துவிட்டு, அந்தோணியார் கோயிலிலும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிற ஆட்கள்தான் நாங்கள். மாசி 20 ஐயா வைகுண்டர் அவதார தினத்துக்கு எங்கள் தெருவில் பாதிப் பேர் காவித் துணியில் தலைப்பாகை கட்டிக் கிளம்புவார்கள்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். ஆவணியில் பனம்பழம் விழும். கொட்டையைப் பொறுக்கிச் சேர்த்து மணலில் பாத்தி கட்டிப் புதைத்தால் மார்கழி, தையில் கிழங்கு. நான் ஒரு பங்கைக் கிழங்குக்கு வைக்காமல் வேலி ஓரத்தில் ஊன்றிவிடுகிறேன். பனை பாளை விடுவதற்கு 15 வருசத்துக்கு மேல் ஆகும். என் பயினிக்காக அதை ஊன்றவில்லை. செங்கல் சூளைக்கு லாரி லாரியாகப் பனை போனதைப் பார்த்தவன் நான். 2021 வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தபோது எங்கள் விடிலியில் அன்றைக்கு எல்லாருக்கும் சில்லுக்கருப்பட்டி கொடுத்தார்கள்.

புரட்டாசியில் தசரா. முத்தாரம்மனுக்கு மாலை போட்டவர்கள் 41 நாள், 21 நாள் என்று விரதம் இருந்து, காளி, குறவன், ராஜா, போலீஸ் என்று வேஷம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை வாங்க வருவார்கள். தசராக் குழு மேளம் கேட்டதும் வீட்டுக்காரி அரிசியும் சில்லறையும் எடுத்து வைத்துவிடுவாள். காளி வேஷக்காரர் வந்தால் நாங்கள்தான் காலில் விழுவோம், அவர் பேரன் வயதுப் பையனாக இருந்தாலும். சூரசம்ஹாரத்துக்குக் கடற்கரைக்குப் போவதை இப்போது நிறுத்திவிட்டோம், அந்த நெருக்கடி எங்கள் வயதுக்கு ஆகாது. வேஷக்காரர்கள் நம் வாசலுக்கே வருகிறபோது குறை ஒன்றும் இல்லை.

கார்த்திகை மழையில் தேரியைப் பார்க்க வேண்டும். மணல் ஈரத்தில் கறுஞ்சிவப்பாகி, அதன்மேல் பச்சைப் புல் முளைத்திருக்கும். தீபத்தன்று கோயில் முன்னால் சொக்கப்பனை, வீட்டில் ஓலைக் கொழுக்கட்டை. குருத்தோலைக்குள் மாவை வைத்து இன்னொரு ஓலையால் மூடிக் கட்டி அவித்தால் ஓலை வாசம் மாவில் இறங்கியிருக்கும். மாதக் கடைசியில் கற்குவேல் அய்யனார் கோயில் கள்ளர் வெட்டு. தேரியில் இளநீரை வெட்டினதும் கூட்டம் அந்த மணலை அள்ளிக்கொள்ளும். வீட்டிலும் வயலிலும் வைத்தால் நல்லது என்று நம்பிக்கை. எங்கள் பீரோவில் அந்த மண் ஒரு சின்னப் பொட்டலமாக இருக்கிறது. மகன் துபாய் போகும்போதும் கொஞ்சம் கட்டிக் கொடுத்தோம்.

கரிசல்காட்டுக்காரி எழுதியது:

கோவில்பட்டிப் பக்கத்தில் இருந்து கேட்கிறேன் அண்ணாச்சி. பொங்கலுக்கு நீங்களும் பனை ஓலைதான் எரிப்பீர்களா? ஓலை வெட்டுவது மரத்துக்குக் கெடுதல் என்று என் மகள் சண்டை போடுகிறாள்.

தேரிக்கரையான் எழுதியது:

ஓலைதான் அம்மா. மண்ணில் செய்த பொங்கல் கட்டி மூன்றுக்கும் சுண்ணாம்பும் காவியும் பூசி, மூன்றையும் கூட்டி வைத்து முற்றத்தில் அடுப்பு. காய்ந்த ஓலை குபுகுபுவென்று எரியும், அதற்கு ஒரு ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து சொருகிக்கொண்டே இருக்க வேண்டும். அடிவரிசையில் முற்றின ஓலையைக் கழிப்பதால் பனை கெடாது. பனையேறிகள் வருசா வருசம் கழிக்கிறதுதான். குருத்தைத் தொட்டு அளவுக்கு மீறி வெட்டினால்தான் மரம் இளைக்கும். மகள் கேட்டது நல்ல கேள்வி, சண்டை போட வேண்டாம்.

தாம்பரத்து மகன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இதை அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். ஔவையார் நோன்பைப் பற்றி வந்ததும் சிரித்துவிட்டு, "அந்த மதினி எந்த ஊர், கேட்டுச் சொல்லு" என்றார்கள்.

ஆனால் என் பயம் முழுசாகப் போகவில்லை. அப்பாவுக்கு ராத்திரியில் நெஞ்சு வலி வந்தால்? போன மாசியில் பக்கத்து ஊரில் ஒருவரை ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கே டாக்டர் இல்லாமல் திரும்ப வேண்டி வந்தது.

தேரிக்கரையான் எழுதியது:

அந்தப் பயம் நியாயமானது, அதைச் சொல்லாமல் ஊர்ப் பெருமை பேசுவது சரியில்லை. சாத்தான்குளத்திலும் திருச்செந்தூரிலும் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், 50 கிலோமீட்டர் போல வரும். நாங்கள் செய்திருப்பது இதுதான். தெருவில் கார் வைத்திருக்கிற இரண்டு பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறோம், ராத்திரி எந்த நேரமும் கதவைத் தட்டலாம். மருந்துச் சீட்டு, ஈ.சி.ஜி., காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே மஞ்சப்பையில், கதவுக்குப் பின்னால். காலையில் எங்கள் முற்றம் தெளிக்காமல் கிடந்தால் எதிர்வீட்டுக்காரி வந்து பார்த்துவிடுவாள். அவள் வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

அப்பாவுக்கு ஏற்கெனவே இருதயக் கோளாறு என்றால் நான் வேறு மாதிரிதான் சொல்வேன். வெயில் உச்சத்தில் சித்திரை, வைகாசியும், காற்று உச்சத்தில் ஆடியும் உங்களோடு இருக்கட்டும், மற்ற மாதம் இங்கே. அவர்களை இங்கிருந்து பிடுங்கி எடுக்காமல், போய்வருகிற மாதிரி செய்யுங்கள். கிணற்றுத் தண்ணீரை ஒரு தடவை பரிசோதனைக்குக் கொடுங்கள், உடைமரத்தடி சொன்னது முக்கியம். ஓட்டு வீடாக இருந்தாலும் மழைநீரை ஒரு சிமெண்டுத் தொட்டிக்குத் திருப்ப முடியும். கார்த்திகையில் நிரம்பின தொட்டி சிக்கனமாகப் புழங்கினால் பங்குனி வரை குடிக்க, சமைக்கக் காணும்.

தாம்பரத்து மகன் எழுதியது:

இதுவரை அப்பாவுக்கு இருதயத்தில் ஒன்றும் இல்லை, சர்க்கரை மட்டும்தான். ஆவணியில் லீவு போட்டு வருகிறேன். தொட்டி வேலையை அப்போதே தொடங்கிவிடலாமா, மழைக்கு முன்னால் முடியுமா? இரண்டு பேருக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

தேரிக்கரையான் எழுதியது:

தாராளமாக முடியும். ஆவணியில் காற்று தணியத் தொடங்கும், கொத்தனாரும் கிடைப்பார். இரண்டு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் 5,000 லிட்டர் போதும். பிள்ளைகள் லீவுக்கு வருவார்கள் என்றால் இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கட்டுங்கள். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிட ஒரு தனிக் குழாய் வையுங்கள், கூரையில் காற்று கொண்டுவந்து சேர்த்த மண் எல்லாம் அதில் போய்விடும். தொட்டி வாயில் மணலும் கூழாங்கல்லும் போட்டு வடிகட்டி வைத்து, கொசு போகாமல் வலை கட்டுங்கள். சர்க்கரை உள்ளவர் என்பதால் அப்பாவுக்குப் பயினியைக் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லுங்கள், கருப்பட்டி என்றாலும் அதுவும் இனிப்புத்தான். வீட்டுக்காரி உங்கள் அம்மாவின் நம்பரைக் கேட்கிறாள், தனிமடலில் அனுப்புங்கள்.